ஏழு கன்னியர் மலையும் விமானியின் பதிவேடும்

நானுஓயாப் புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் அமைந்திருக்கிறது. 1885இல் பாதை அங்கு வந்து சேர்ந்தது முதல், மலையேறிச் செல்லும் ஒவ்வொருவரும் அந்த உயரத்தைத் தம் உடம்பினால் அறிந்தே கடக்கின்றனர். அந்த மேடையைவிடத் தொள்ளாயிரம் அடி தாழ்வாக, மேற்கே மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலைத்தொடரில், ஒரு பெரிய ஜெட் விமானம் இருளில் மோதிச் சிதறியது. ஹட்டன், நோர்ட்டன்பிரிட்ஜ் பகுதிகளின் மூத்த தலைமுறைக்கு அந்த இரவைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இளையோருக்காகவும் வெளிநாடுகளில் வாழும் நம்மவருக்காகவும் சுருக்கமாகக் கூறுகிறேன்.

1974 டிசம்பர் 4. ஒல்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்துக்குச் சொந்தமான டி.சி. 8 விமானம், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் புறப்பட்டது. இடையில் கட்டுநாயக்காவில் தரித்துச் செல்வது ஏற்பாடு. கட்டுநாயக்கா 14 மைல் தூரத்தில் இருப்பதாக எண்ணப்பட்ட வேளையில் 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. உண்மையில் விமானம் கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தூரத்தில், மலைகளுக்கு மேல் இருந்தது. 4,355 அடி உயரத்தில் அது மோதியது. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேரும், ஆக 191 உயிர்கள் போயின. இலங்கை மண்ணில் அதனினும் பெரிய விமான விபத்து இன்றுவரை நிகழவில்லை.

விசாரணையாளர்கள் கண்ட காரணம், விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்தனர் என்பதாகும். அந்த விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் அவர்கள் நம்பியிருந்தமை, பொருளைத் தவறாகக் கொள்ள இடமளித்தது என்றும் அவர்கள் கூறினர். டொப்ளர் கருவி கீழ்நோக்கி அலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும்போது ஏற்படும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் கணக்கிடுவது. சிறிய பிழையும் மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே தரையிலுள்ள வானொலிக் குறிகாட்டியோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

இதை நான் இங்கு எழுதக் காரணம், பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் பலமுறை செவியில் விழுந்த ஒரு கேள்வி. விமானி அனுமதிப்பத்திரம் ஒன்று கையில் இருந்தால் எந்த விமானத்தையும் செலுத்தலாமா? மோட்டார் சைக்கிள் அனுமதியோடு ஹட்டன் பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் ஏறி அமர முடியுமா என்று கேட்டால் எவரும் சிரிப்பர். வானத்திலும் அதே நியாயந்தான். ஆனால் அந்த நியாயம் சட்டமாகி வர நீண்ட காலம் பிடித்தது.

1935 ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் 299 என்னும் நான்கு எஞ்சின் விமானம் மேலெழுந்தவுடனே விழுந்து எரிந்தது. செலுத்தியவர்கள் தேர்ந்த விமானிகள். காற்றில் அசையாதிருக்கப் பூட்டப்பட்ட வால்பகுதிப் பூட்டைத் திறக்க மறந்திருந்தனர். திறமை இருந்தும், புதிய இயந்திரத்தின் ஒரு பூட்டு அவர்களை ஏமாற்றிவிட்டது. இன்று உலகெங்கும் விமானிகள் வாசிக்கும் சரிபார்ப்புப் பட்டியல் அந்தச் சாம்பலிலிருந்து பிறந்ததே. அது நடந்து நான்கு வாரங்களில், நவம்பர் 27 அன்று, சென்னைப் பறப்புக் கழகத்தின் சிறிய பஸ் மொத் விமானம் ஒன்று இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது. நம் நாட்டு விமான நிலைய வரலாறு இவ்வாறு தொடங்கிற்று.

1944இல் சிக்காகோவில் உருவான உடன்படிக்கையும், விமானி உரிமம் பற்றிய அதன் முதலாம் இணைப்பும் இந்தப் பாடத்தை விதியாக்கின. ஒற்றை எஞ்சின், பல எஞ்சின், தரையில் இறங்குவது, நீரில் இறங்குவது என வகுப்புகள் வகுக்கப்பட்டன. இரு விமானிகள் செலுத்தும் பெரிய விமானங்களுக்கு ஒவ்வொரு இனத்துக்கும் தனித் தகுதி வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பறப்பவருக்கும் விலக்கில்லை. அமெரிக்கா 2004இல் விளையாட்டு விமானி உரிமத்தை அறிமுகப்படுத்தி, விமானத்துக்குரிய குறைந்தபட்சப் பயிற்சியை 40 மணியிலிருந்து 20 மணியாகக் குறைத்தது. ஆயினும் பழகாத வகை விமானத்தில் ஏறுமுன் பயிற்றுநர் கற்பித்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடவில்லை. 2025இல் அவ்விதிகள் மேலும் தளர்த்தப்பட்டபோதும், இரவில் பறக்கவும் மடக்கும் சக்கரமுடைய விமானத்தைச் செலுத்தவும் தனி ஒப்பம் தேவை என்றே எழுதப்பட்டது.

இந்த ஒப்பம் வெறும் காகிதச் சடங்கன்று. மலையகமே அதற்குச் சாட்சி. 2013இல் தொடங்கிய சினமன் எயார் நிறுவனம் ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு நீர்விமானம் செலுத்தியது. அவ்வகை விமானத்தின் மிதவைகளுக்குள்ளேயே சக்கரங்களும் உண்டு. ஓடுபாதையில் இறங்க அவை வெளியே வரவேண்டும். நீரில் இறங்க உள்ளே இருக்கவேண்டும். சக்கரம் வெளியே நீட்டியபடி நீரைத் தொட்டால் விமானம் குப்புறக் கவிழும். நீரில் பிரேக் கிடையாது. அலையற்ற கண்ணாடி நீர்ப்பரப்பு கண்ணுக்கு உயரத்தைக் காட்டாது. தரையில் ஆயிரம் மணி பறந்தவரும் இங்கு மாணவரே. நானுஓயா உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினும் இறக்கையும் அதற்கேற்ப வலுவிழக்கும்.

பயிற்சி ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்றே நாட்களுக்கு முன், 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. விமானமொன்று இதேபோல் முன்கூட்டியே இறங்கி மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதன் பின்னரே, நிலம் நெருங்குவதைக் குரலெழுப்பி எச்சரிக்கும் கருவியைப் பெரிய ஜெட் விமானங்களில் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. கருவி எச்சரிக்கலாம், அதை நம்புவதா, எதனோடு ஒப்பிடுவதா என்பதை மனிதனே கற்கவேண்டும். 2020 ஜனவரி 3 அன்று ஹப்புத்தளையில் விமானப்படையின் வை 12 விமானம் வீழ்ந்து நால்வர் இறந்தபோது, மலை இன்னும் அதே மலைதான் என்பதை நாடு மீண்டும் உணர்ந்தது.

விமானியின் பதிவேட்டில் ஒரு பயிற்றுநர் இடும் கையொப்பத்தின் பொருள் இதுதான்: இந்த மனிதருக்கு இந்த இயந்திரத்தை நான் காட்டினேன், அவர் அறிந்துகொண்டதை என் கண்ணால் கண்டேன். புனித யாத்திரை புறப்பட்டுச் சென்ற 182 பேரும் அந்தக் கையொப்பங்களை அறிந்தவர்களல்லர். முன்னால் அமர்ந்திருப்பவர்களை நம்பி ஏறினார்கள். நாமும் அவ்வாறே ஏறுகிறோம்.