அடிக்கோட்டில் எது? ஒரெம் முதல் கலிலியோ வரை இயக்க வரைபடத்தின் வரலாறு

இயக்க வரைபடம் ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கப்படுகிறார். கோடு அச்சை எங்கே வெட்டுகிறது? எந்த மதிப்பகத்திற்குள் அது பொருளுடையது? அதன் சாய்வு எதன் மாறுவீதத்தைக் காட்டுகிறது? இம்மூன்றையும் 1637-இல் வெளிவந்த தெகார்த்தின் வடிவியலிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவை அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாரிஸில், நிக்கோல் ஒரெம் என்னும் அறிஞரின் இலத்தீன் நூலொன்றில் உருப்பெற்றுவிட்டன.

1350-களில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்நூலில் ஒரெம் ஒரு கிடைக்கோட்டை வரைந்து அதனை ‘நீளம்’ என்றார். இயக்கத்தைப் பொறுத்தவரை அது காலத்தைக் குறிக்கலாம். அக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் எழுப்பிய செங்குத்துக்கோடு, அந்தக் கணத்தில் வேகம் எவ்வளவு என்பதைக் காட்டும் ‘அகலம்’. மாறா வேகம் செவ்வகமாகிறது. ஓய்விலிருந்து சீராகக் கூடும் வேகம் செங்கோண முக்கோணமாகிறது. ஏற்கெனவே ஒரு வேகத்தோடு தொடங்கிச் சீராகக் கூடுவது சரிவகமாகிறது. முக்கோணத்திற்கும் சரிவகத்திற்கும் இடையிலான இந்த வேறுபாடே இன்று நாம் வெட்டுத்துண்டு என்று அழைப்பது. சீரான மாற்றத்திற்கு அவர் தரும் வரையறையும் துல்லியமானது: எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும், அவற்றின் இடைவெளிகளுக்குள்ள விகிதமும் வேக வேறுபாடுகளுக்குள்ள விகிதமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சாய்வு என்ற சொல் அங்கில்லை. கருத்து முழுமையாக இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியினர் 1330-களில் சொல்லால் நிறுவ முயன்ற சராசரி வேகத் தேற்றத்தை ஒரெம் படத்தால் நிறுவினார். முக்கோணத்தின் பரப்பு, அதன் பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்புக்குச் சமம், அவ்வளவே. ஆயினும் அவர் எதையும் அளக்கவில்லை. வெம்மை, வெண்மை, வலி ஆகியவற்றுக்கும் இதே படங்களையே வரைந்தார். கீழே விழும் கல்லுக்கும் இம்முக்கோணத்திற்கும் உறவுண்டு என்று அவர் சொல்லவில்லை. ஒரெம்மைப் பகுமுறை வடிவியலின் தந்தையாக்கிய பியர் துயெமின் கூற்று மிகையென்றே கொள்ள வேண்டும்.

சிக்கல் கலிலியோவிடம் தொடங்குகிறது. 1604-இல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருள் கடக்கும் தொலைவு காலத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்கிறார். இது சரியான முடிவு. ஆனால் அதற்கு அடிப்படையாக அவர் வைத்த கொள்கை, வேகம் கடந்த தொலைவுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்பது. அதாவது முக்கோணம் அதேதான். அதன் அடிக்கோட்டில் காலம் இருக்க வேண்டிய இடத்தில் தொலைவு அமர்ந்துவிட்டது.

இது சிறு பிழை போலத் தோன்றும். வேகம்–தொலைவு வரைபடத்தில் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோட்டை எண்ணிப் பார்க்கலாம். அதன் சாய்வு மாறிலி. ஆனால் அச்சாய்வு முடுக்கம் அன்று. முடுக்கம் என்பது அச்சாய்வையும் அக்கணத்து வேகத்தையும் பெருக்கி வருவது. தொடக்கத்தில் வேகம் சுழியம், எனவே முடுக்கமும் சுழியம். கையை விட்ட கல் அந்தரத்திலேயே நிற்கும். எவ்வளவு காலம் கடந்தாலும் நகராது. வெட்டுத்துண்டு சுழியமாக இல்லாவிட்டால் மட்டுமே அது நகரத் தொடங்கும், அப்போதும் தொலைவு காலத்தின் வர்க்கமாகக் கூடாது. சம கால இடைவெளிகளில் சம விகிதத்தில் பெருகும். மேலும், இப்படத்தின் பரப்பு தொலைவையும் தராது. (சாய்வு என்றாலே முடுக்கம் என்று விடைத்தாளில் எழுதும் மாணவர் இடறும் இடமும் இதுவே. அவர்களுக்கு நல்ல துணை இருக்கிறது.)

தாமே சிலகாலம் இப்பிழையில் இருந்ததைக் கலிலியோ மறைக்கவில்லை. 1638-இல் லைடனில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில், ‘நம் ஆசிரியரும்’ இதே மயக்கத்தில் இருந்தார் என்று சால்வியாத்தி என்னும் பாத்திரத்தின் வாயிலாகவே சொல்ல வைக்கிறார். அந்நூலில் அடிக்கோடு காலமாகிவிட்டது. சராசரி வேகத் தேற்றத்திற்கான படத்தில் காலக்கோடு செங்குத்தாக நிற்கிறது. வேகங்கள் கிடையாகச் செல்கின்றன. புரட்டி வைத்தால் ஒரெம்மின் படம். விழும் பொருளின் வேகம் காலத்தைப் பொறுத்துச் சீராக மாறுகிறது என்பதை ஸ்பானிய அறிஞர் தொமிங்கோ தெ சோட்டோ பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே போகிறபோக்கில் எழுதியிருந்தார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அவர் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

கலிலியோ சோதித்தார். ஏறத்தாழ பன்னிரண்டு முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் செதுக்கி, அதனைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். குண்டு உருளும் நேரத்தில் பெரிய கலமொன்றின் நுண்குழாய் வழியே வழியும் நீர் ஒரு குவளையில் சேர்ந்தது. அந்நீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார். நீரின் எடைகளுக்கிடையிலான விகிதமே காலங்களின் விகிதமாயிற்று. ஒரெம் எண் குறிக்காமல் விட்ட அடிக்கோட்டின் பிரிவுகள், தராசுத் தட்டில் நீராக அளவு பெற்றன.