நெறி கட்டிய நகரம்

அக்குளிலோ கழுத்திலோ தொடையிடுக்கிலோ உருண்டையாக வீங்கினால் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பது வழக்கு. தொடையிடுக்கில் கட்டுவதற்கு அரையாப்பு என்று தனிப்பெயரே உண்டு. காலில் முள் குத்திச் சீழ் வைத்தாலும் நெறி கட்டும்; புண் ஆறியதும் கரைந்துவிடும். 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தபோது, யாரும் பொருட்படுத்தாத அந்த வீக்கம் சாவின் அடையாளமாயிற்று.

பம்பாயில் 1896இல் தலைகாட்டிய நோய், ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஹூப்ளி வழியாக வந்து சேர்ந்தது. பெங்களூர் அப்போது இரண்டு ஊர். மைசூர் அரசின் கீழ் பழைய பேட்டை. ஆங்கிலேயரின் ஆட்சியில், பட்டாளத்தை நம்பிக் குடியேறிய தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கன்டோன்மென்ட். நோய் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நெறி கட்டுவது உண்மையில் உடலின் தற்காப்பு. திசுக்களின் இடுக்குகளில் கசியும் நீரை நிணநீர்க் குழாய்கள் திரட்டிக்கொண்டு போகின்றன. இதயத்தைப் போல் அதற்கென்று தனியே ஒரு பம்பு கிடையாது. தசைகளின் அசைவும் குழாய்ச்சுவரின் சுருக்கமுமே அதைத் தள்ளுகின்றன. வழியில் உள்ள நிணநீர் முடிச்சுகள் சோதனைச் சாவடிகள். அங்கே விழுங்கணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்குகின்றன. அதன் அடையாளத்தைக் கண்டுகொண்ட டி அணுக்களும் பி அணுக்களும் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. அந்தப் பெருக்கமே வீக்கம்.

பிளேக் கிருமி இந்தச் சாவடியையே கைப்பற்றிக்கொள்கிறது. எலித் தெள்ளு பெரும்பாலும் காலில் கடிப்பதால் கிருமி நிணநீரோடு தொடையிடுக்கு முடிச்சுக்கு வருகிறது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் பெருகும். பிறகு தன் புரதங்களைப் பாய்ச்சிக் காவல் அணுக்களைச் செயலிழக்கச் செய்யும். முடிச்சு அழுகி, கை வைக்க முடியாதபடி வலிக்கும். பி அணுக்கள் போதிய எதிர்ப்பொருள் உண்டாக்க ஒரு வாரமாவது வேண்டும்; பலருக்கு நோய் அந்த அவகாசத்தைத் தரவில்லை.

அவகாசத்தை முன்கூட்டியே வாங்கித் தந்தது ஹாஃப்கின் ஊசி. பம்பாயில் கிருமியை வளர்த்துச் சூட்டில் கொன்று தயாரித்த மருந்தை வால்டிமர் ஹாஃப்கின் 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். செத்த கிருமியைக் கண்டும் முடிச்சுகள் விழித்துக்கொள்ளும். காப்பு முழுமையானதல்ல, நெடுநாள் நிற்பதும் அல்ல. காய்ச்சலும் கைவலியும் நிச்சயம்.

ஊசியைவிட மக்கள் வெறுத்தது சோதனையை. அந்நாளில் ரயில் நிலையங்களில் பயணிகளின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தடவிப் பார்ப்பது பிளேக் தடுப்பு முறையாக இருந்தது. பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்பது அதிகாரிகளுக்குத் தாமதமாகவே உறைத்தது. ஊரைவிட்டு ஓடியவர்கள் வெட்டவெளியில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். கோயம்புத்தூரைப் போலவே பெங்களூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது.

தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் 1898இலேயே கராச்சியில் காட்டியும், அது ஏற்கப்பட ஏறக்குறைய பத்தாண்டு ஆயிற்று. அதுவரை கெட்ட காற்றும் நெரிசலுமே குற்றவாளிகள். நெரிசலைக் குறைக்கப் போனதில் எலியும் தள்ளிப்போனது, ஓரளவு தற்செயலாக. ஏற்கெனவே திட்டமிட்டிருந்த மல்லேசுவரமும் பசவனகுடியும் வேகமாக நிரம்பின. கன்டோன்மென்ட் பக்கம் 1910 வாக்கில் உருவான ஃப்ரேசர் டவுன், பிளேக் அண்டாத பேட்டை என்று பெயர் வாங்கியது.

1966இல் கோலார் மாவட்டம் முல்பாகலில் கண்ட நோய்க்குப் பின், 1994 வரை நாட்டில் மனிதரிடம் பிளேக் பதிவாகவில்லை. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் சந்திக்கும் அந்த வட்டாரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசின் பிரிவு பெங்களூரில் இருக்கிறது. காட்டெலிகளோடு, எலி தின்னும் நாய்களிடமிருந்தும் ரத்தம் எடுக்கிறார்கள். நாய் பிளேக்கில் பெரும்பாலும் சாவதில்லை. கிருமி அந்தப் பக்கம் வந்து போயிருந்தால், எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் தங்கியிருக்கும்.