ஏரிக்கு யார் பொறுப்பு?

ஏரி மராமத்து ஒரு காலத்துல ஊர் வேலைங்க. வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோட போவாங்க. அதுதான் குடிமராமத்து. 1858-ல வெள்ளைக்காரன் சென்னை ராஜதானிக்கே சட்டம் போட்டான்: வழக்கப்படி வேலைக்கு வராதவன் அந்தக் கூலியைப் போல ரெண்டு மடங்கு கட்டணும்.

இப்ப எங்க சேலம், நாமக்கல் பக்கம் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு. சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு. 2017-ல குடிமராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பி வந்தது. ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரைக்கும் ஊராட்சித் தேர்தலே நடக்கலை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள்.

தூர் வாரப் பணம் எப்பவாவது வரும். வாய்க்காலை ஒருத்தன் அடைச்சா அன்னிக்கே கேட்கணுமே? நாம ஓட்டுப் போட்ட தலைவர்னா வாசல்லயே போய் நிக்கலாம்.