பட்டனைத் தட்டினால் வந்த பாட்டா?

"பட்டனைத் தட்டினால் பாட்டு வந்துவிடும், உங்களுக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கோடம்பாக்கத்து வயலின்காரர்கள் எங்களைக் கேட்பார்கள். எங்களை என்றால், கீபோர்டும் புரோகிராமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு கூட்டமே உட்கார்ந்து வில்லை இழுத்த இடத்தில் நாலு பேர் போதும் என்ற நிலை வந்தபோது யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அந்தப் 'பட்டன்' பேச்சை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததே இல்லை. அதற்கு நான் எப்போதும் சாட்சிக்கு அழைக்கும் பாட்டு நம்மூர்ப் பாட்டு அல்ல. 1981 நவம்பர் 27 அன்று இங்கிலாந்தில் வெளிவந்த 'டோன்ட் யூ வான்ட் மீ'. பாடியது ஹியூமன் லீக் என்ற குழு. அதில் குரலைத் தவிர மற்றதெல்லாம் சிந்தசைசரும் டிரம் மெஷினும்தான்.

குழு பிறந்த ஊர் ஷெஃபீல்டு. அந்தப் பெயர் நம்மவர்களுக்கும் பழக்கம்தான். தாத்தா காலத்துப் பேனாக்கத்தியிலும் சவரக் கத்தியிலும் பொறித்திருக்கும். 1980 தொடக்கத்தில் பிரிட்டனின் எஃகுத் தொழிலாளர்கள் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரின் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. எஃகு நகரத்தில் வளர்ந்ததால்தான் அவர்கள் இசையில் இயந்திரச் சத்தம் கேட்கிறது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காரணம் அதைவிடச் சாதாரணமானது. 1977இல் குழுவைத் தொடங்கிய மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் இருவரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். ரோலண்டு, கோர்க் என்ற ஜப்பானியக் கம்பெனிகளின் சிந்தசைசர்கள் அப்போதுதான் மாதச் சம்பளக்காரன் வாங்கும் விலைக்கு இறங்கியிருந்தன. கிட்டார் பழக வருஷக்கணக்கில் ஆகும். இதில் ஒற்றை விரலால் தொடங்கலாம்.

பாடுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. வேர் தன் பள்ளித் தோழன் ஃபில் ஓக்கியின் வீட்டுக்குப் போனார். ஆள் இல்லை. கதவில் ஒரு சீட்டைச் செருகிவிட்டு வந்தார். ஓக்கி அப்போது ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர். அதற்குமுன் எந்தக் குழுவிலும் பாடியவர் அல்ல. ஆனால் பார்க்க நட்சத்திரம் மாதிரி இருந்தார், அது போதுமாக இருந்தது. 1978இல் முதல் ரெக்கார்டு, பிறகு வர்ஜின் கம்பெனிக்கு இரண்டு ஆல்பம். பேர் வந்தது, பணம் வரவில்லை. 1980 அக்டோபரில் குழு உடைந்தது. இசை தெரிந்த வேரும் மார்ஷும் வெளியேறி ஹெவன் 17 என்ற குழுவுக்கு அடிபோட்டார்கள். பெயர் ஓக்கியிடம் தங்கியது. கடனும் அவர் தலையில் விழுந்தது. ஐரோப்பியச் சுற்றுப்பயணம் சில நாளில் தொடங்கவேண்டும். கையில் இருந்தது அவரும், மேடையில் ஸ்லைடு படம் காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட்டும்தான்.

ஓக்கி இதற்குச் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். ஷெஃபீல்டில் கிரேஸி டெய்சி என்ற நடன கிளப்புக்குப் போனார். அங்கே இரண்டு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்: ஜோவான் கேதரால், வயது 18; சூசன் ஆன் சல்லி, வயது 17. இருவரும் பள்ளி மாணவிகள். "எங்களோடு டூர் வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஓக்கியும் ரைட்டும் வீட்டுக்கு வந்து பேசி அனுமதி வாங்கினார்கள். பழைய ரசிகர்களுக்குக் கொதித்தது. பாடத் தெரியாத பிள்ளைகளை அழகுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான் என்று கூச்சல் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை: இருவரும் பயிற்சி பெற்ற பாடகிகள் அல்ல. அந்த உண்மைதான் ஒரு வருஷம் கழித்துப் பாட்டைக் காப்பாற்றியது.

இதற்கிடையே பழைய கூட்டாளிகளும் புதிய குழுவும் ஷெஃபீல்டில் ஒரே ஸ்டூடியோவை ஷிஃப்ட் போட்டுப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், பகலில் ஒரு கட்சி, இரவில் ஒரு கட்சி. இது சரிப்படாது என்று வர்ஜின் கம்பெனி ஓக்கி கோஷ்டியைத் தெற்கே அனுப்பிவைத்தது. பார்க்‌ஷயரில் தேம்ஸ் நதிக்கரைக் கிராமம் ஸ்ட்ரீட்லி. அங்கே தன் வீட்டோடு சேர்த்து ஜெனடிக் என்ற ஸ்டூடியோ வைத்திருந்தவர் மார்ட்டின் ரஷென்ட். அதுவரை ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் போன்ற கிட்டார் குழுக்களுக்குத் தயாரிப்பாளர். அந்த நாளில் அவருக்குப் பித்து முழுக்க மெஷின் மேல்.

அந்த மெஷின்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வழக்கே அதைப் பற்றியதுதான். ரோலண்டு எம்சி-8 என்று ஒரு சீக்வென்சர், 1977இல் வந்தது. அதில் கீபோர்டு கிடையாது. கால்குலேட்டர்போல எண் பட்டன்கள்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று எண் தட்டவேண்டும்: எந்தச் சுருதி, அடுத்த ஸ்வரம் வர எவ்வளவு நேரம், அதற்குள் இந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும். ஒரு பேஸ் வரியில் நூறு ஸ்வரம் என்றால் முந்நூறு எண். ஓர் எண் தப்பினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தாளம் தவறும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் அவ்வப்போது கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது மவுஸால் இழுத்து ஒட்டுகிற பிள்ளைகளுக்கு இது புரியாது. ஆனால் அந்த மூன்று எண்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான் கலை இருக்கிறது. ஸ்வரத்தை எங்கே துண்டிக்கிறோம் என்பதில் வாசிப்பவன் விரல் தெரியும். பாட்டின் ஆரம்பத்தில் வரும் அந்தக் கீழ்ச்சுருதி வரியைக் கேளுங்கள்: எண்ணைத் தட்டிச் செய்ததுதான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் முழுசாக ஒலிக்காமல் சட்டென்று நறுக்கப்பட்டு நிற்கும். அந்தக் குறும்பு மெஷின் செய்ததல்ல.

தாளத்துக்கு லின் எல்எம்-1. அமெரிக்கரான ரோஜர் லின் 1980இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த ரிதம் பெட்டிகளெல்லாம் 'டிக் டிக், புஸ் புஸ்' என்று ஒலிக்கும். இது மனிதர் அடித்த டிரம் ஒலியையே சிப்பில் பதிந்து வைத்திருந்தது. மொத்தமே சில நூறு மெஷின்கள்தான் தயாராயின. விலையோ ஏறக்குறைய 5,000 டாலர். சிம்பல் ஒலி நீளமானது, அவ்வளவு நீளத்தைப் பிடிக்கும் நினைவகம் அன்றைக்கு ஆனை விலை, ஆகவே அதில் ஹை-ஹாட் உண்டு, பெரிய சிம்பல் கிடையாது. பல்லவி வரும் இடத்தில் டிரம்மர் 'ஜல்' என்று சிம்பலைத் தட்டித்தானே அறிவிப்பார்? அந்த வசதி இல்லாததால் எடுப்பை சிந்தசைசரிலேயே கட்டியாக வேண்டும். 80களின் பாட்டு என்று நாம் கேட்டவுடன் கண்டுபிடிக்கிற அந்த உலர்ந்த, சிம்பல் இல்லாத சத்தத்தில் இந்தக் கஞ்சத்தனத்துக்கும் பங்கு உண்டு.

பாட்டின் கரு ஓக்கியுடையது. இளம்பெண்கள் படிக்கும் பத்திரிகை ஒன்றில் வந்த புகைப்படக் கதையிலிருந்து பிடித்தார். 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தின் சாயலும் சேர்ந்தது. பாரில் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைத் தான்தான் ஆளாக்கினேன் என்று ஒருவன் சொல்லிக்காட்டுகிறான். என்னை விட்டுப் போனால் உன்னைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான். காதல் பாட்டு என்று பலர் நினைப்பது இதைத்தான். முதலில் ஆண் மட்டும் பாடுவதாக இருந்தது. பிறகு அந்தப் பெண்ணுக்கும் ஒரு சரணம் கொடுக்கலாம் என்று முடிவானது. அதுவரை கோரஸ் மட்டும் பாடிய சல்லிக்கு அந்த வாய்ப்பு விழுந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு கட்சி உண்டு. நல்ல பயிற்சி பெற்ற பாடகி அந்தச் சரணத்தைப் பாடியிருந்தால் பாட்டு செத்திருக்கும். சல்லி கமகம் சேர்க்கவில்லை, உருகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று 'நீ சொன்னது சரிதான், ஆனால் நீ இல்லாவிட்டாலும் நான் முன்னுக்கு வந்திருப்பேன்' என்று சொல்வதுபோல நேரே பாடிவிட்டுப் போகிறார். ஓக்கி கனத்த குரலில் அதட்டிய பிறகு இந்தச் சாதாரணக் குரல் வந்து நிற்கும்போதுதான் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தெரிகிறது.

ரஷென்டும், கிட்டார்காரராக இருந்து சிந்தசைசருக்கு மாறிய ஜோ காலிஸும் பாட்டை மிக்ஸ் செய்து இனிமையாக்கினார்கள். ஓக்கிக்குப் பிடிக்கவே இல்லை. முரடாக இருந்த பாட்டைக் கொழகொழவென்று ஆக்கிவிட்டார்கள் என்று ரஷென்டிடம் சண்டை பிடித்தார். 'டேர்' ஆல்பத்தில் கடைசிப் பாட்டாக ஓரம்கட்டினார். அதிலிருந்து ஏற்கெனவே மூன்று சிங்கிள் வந்தாயிற்று. நான்காவதாக இதை விடவேண்டும் என்று வர்ஜினின் சைமன் டிரேப்பர் பிடிவாதம் பிடித்தார். ஜனங்களுக்கு எங்கள்மேல் சலிப்பே வந்துவிடும் என்றார் ஓக்கி. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இணங்கினார்: ரெக்கார்டோடு பெரிய கலர் போஸ்டர் ஒன்று இலவசமாகத் தரவேண்டும். பாட்டு மட்டம், காசு கொடுத்தவன் ஏமாறக்கூடாது என்ற நல்லெண்ணம்!

டிசம்பரில் அது பிரிட்டனின் முதலிடத்துக்குப் போய் ஐந்து வாரம் உட்கார்ந்துகொண்டது. அங்கே கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடம் என்றால் நம் ஊர்த் தீபாவளி ரிலீஸ் வெற்றிக்குச் சமம், அதுவும் இதற்கே. பிரிட்டனில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிய அதே குளிர்காலம் அது. ஸ்டீவ் பேரன் எடுத்த வீடியோ சினிமாப் படப்பிடிப்புக்குள் நடக்கும் கதையாக, ஃபிலிமில் எடுக்கப்பட்டது. 1981 ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியிருந்தது. காட்டுவதற்கு வீடியோ இல்லாமல் தவித்த சேனல் இதை ஓயாமல் போட்டது. 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் முதலிடம், மூன்று வாரம்.

எதிர்ப்பும் அதே வருஷம் வந்தது. 1982 மே மாதம் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடைசெய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டது. நேரடிக் காரணம் இந்தப் பாட்டு அல்ல. பாடகர் பேரி மேனிலோ தன் நிகழ்ச்சிகளில் வாத்தியக்காரர்களுக்குப் பதில் சிந்தசைசரை வைத்துக்கொண்டது. தீர்மானம் சங்கத்தின் கொள்கையாக ஆகவில்லை. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்த பிறகு இங்கே நடந்த பேச்சையெல்லாம் கேட்டவனுக்கு அந்த லண்டன்காரர்களின் பயம் புதிதாகத் தெரியாது. பயம் பொய்யும் அல்ல. வேலை போனது நிஜம். ஆனால் போன வேலை மெஷினுக்குப் போகவில்லை. ஸ்ட்ரீட்லியில் ராத்திரி முழுக்க எண் தட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்குப் போனது.

ரஷென்ட் அதோடு நிற்கவில்லை. ஆல்பத்தின் பாட்டுகளைப் பிரித்து, டேப்பை பிளேடால் ஆயிரக்கணக்கான இடங்களில் அறுத்து ஒட்டி, 1982இல் 'லவ் அண்ட் டான்சிங்' என்ற ரீமிக்ஸ் ஆல்பம் செய்தார். சிறந்த தயாரிப்பாளர் என்று அந்த வருஷம் பிரிட் விருதும் கிடைத்தது. அடுத்த ஆல்பத்தின் பாதியில் குழுவோடு முறைத்துக்கொண்டு வெளியேறினார், 2011இல் காலமானார்.

இப்போது சொந்தமாகப் பாட்டுச் செய்து யூடியூபில் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய கேசட் உறைகளில் கவிஞர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், புரோகிராமிங் செய்தவர் பெயர் அநேகமாக இருக்காது. வாசித்தவர்கள் பெயரையெல்லாம் உறையில் அச்சடிக்கும் நல்ல பழக்கத்தை ரஹ்மான் பரவலாக்கினார். நீங்களும் பாட்டின் கீழே ஒரு வரி சேர்த்து, புரோகிராமிங் யார் என்று போடுங்கள்.