நாலு பேர் போய் 99 பேரை அழைத்து வந்த கதை

1930களின் தொடக்கத்தில் டோக்கியோவில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. 1931இல் ஜப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. மறுவருடம் பிரதமர் இனுகாயைச் சின்ன வயதுக் கடற்படை அதிகாரிகள் அவர் இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்கடுத்த வருடம் சர்வதேச சங்கத்தை விட்டு விலகுவதாக ஜப்பான் அறிவித்தது. அமெரிக்காவோ 1924லேயே ஜப்பானியர் குடியேற முடியாதபடி சட்டம் போட்டிருந்தது. அந்த அவமானமும் ஆறவில்லை.

பெரியவர்கள் பேச மாட்டார்கள், நாமாவது பேசுவோம் என்று நாலு மாணவர்கள் கப்பலேறினார்கள். அமெரிக்கக் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் சேர்த்தார்கள். திரும்பி வரும்போது கூடவே 99 அமெரிக்கர்கள்! 1934 கோடையில் ஆவோயாமா காகுயின் பல்கலைக்கழகத்தில் முதல் கூட்டம் நடந்தது. ஜப்பான்-அமெரிக்க மாணவர் மாநாடு பிறந்தது இப்படித்தான்.

கூட்டம் முடிந்ததும் ஊர் சுற்றிக் காட்டினார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அந்தச் சுற்றுலாவில் மஞ்சுகுவோவும் உண்டு. அதே மஞ்சூரியாதான்; ஜப்பான் சீனாவிடமிருந்து பிடுங்கிப் பொம்மை அரசு வைத்து நடத்திய மண். எந்தச் சண்டையைப் பற்றிப் பேச வந்தார்களோ, அதன் களத்துக்கே விருந்தாளியாகப் போனார்கள். நல்லெண்ணத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பது அன்றைக்கு அவர்களுக்கே தெரிந்திருக்குமா!

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை எங்கள் ஊரில் என்றார்கள். 1935இல் ஓரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியில் நடந்தது. அதிலிருந்து ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. அந்த வருடம் கலந்துகொள்ளும் மாணவர்களே அடுத்த வருடக் குழுவைத் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இன்றும் அதே ஏற்பாடுதான்.

1940க்குப் பிறகு போரால் நின்றுபோய், 1947இல் மறுபடி துளிர்த்தது.

1939இல் அமெரிக்கா போன குழுவில் கீச்சி மியாசாவா என்று ஒரு சட்ட மாணவர். வாதாடப் போன இடத்தில் பெண்ணையும் பார்த்துவிட்டார். பின்னாளில் அவர் மனைவியான யோகோவும் அதே குழுவில் வந்த மாணவி. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நிதியமைச்சரின் உதவியாளராக மியாசாவா அங்கே இருந்தார். இன்னும் நாற்பது வருடம் கழித்துப் பிரதமரானார்.