பனி மூடிய ரோஜாத் தோட்டம்

அரண்மனைகளைப் படம் பிடிக்கக் கோடைக்காலம்தான் ஏற்றது என்பார்கள். நீல வானம் இருக்கும், புல்தரை இருக்கும், பூ இருக்கும். எல்லாம் சரி, அரண்மனை மட்டும் படத்தில் இருக்காது! பாதிச் சுவரை மரங்களின் தழை மறைத்துவிடும். மீதியை உல்லாசப் பிரயாணிகள் மறைத்துவிடுவார்கள். செக் நாட்டிலுள்ள கொனோபிஷ்டியே மாளிகையைப் பார்க்க நான் ஜனவரி மாதத்தில் போனதற்கு அதுதான் காரணம். அப்போது மாளிகைக்குள் விடமாட்டார்கள். பூங்காவில் நடக்கத் தடையில்லை.

பிராக் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில், பெனெஷோவ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கொனோபிஷ்டியே. 13ம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பிய கோட்டை. உருண்டையான தடித்த கோபுரங்கள், மொட்டை மரங்களுக்கு மேலே தலை நீட்டுகின்றன. அந்த மாதத்தில் உச்சி வேளையில்கூடச் சூரியன் மரக்கிளை உயரத்துக்கு மேல் வருவதில்லை. ஆகையால் நாள் முழுவதும் சாய்ந்த வெயில். கல்லின் ஒவ்வொரு வடுவும் தெரிகிறது. பனிதான் படம் எடுப்பவனுக்குச் சத்துரு. காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகமெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணம். அதன் பேச்சைக் கேட்டால் வெண்பனி அழுக்கு வேஷ்டியாகிவிடும். ஒன்றரைப் பங்கு வெளிச்சத்தைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். பாட்டரியைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் விறைத்துப் போகும்.

ஸாராயெவோவில் ஒருவர் சுடப்பட்டு இறந்தாரே, அதையொட்டி முதல் மகாயுத்தம் மூண்டதே, அந்த ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் வீடு இது. 1887ல் விலைக்கு வாங்கினார். ஜோஸப் மோக்கர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதுப்பித்தார். மின்விளக்கு, லிப்டு எல்லாம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன.

இவ்வளவு அக்கறை எதற்கு? பிற்பாடு அதற்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. அவர் மணந்த சோபி ஹோட்டெக் பிரபு குலத்துப் பெண். அரச குலத்துப் பெண் அல்ல. பிறக்கும் குழந்தைகளுக்குப் பட்டத்தில் பாத்தியதை இல்லை என்று 1900 ஜூன் 28ந் தேதி வியன்னாவில் சத்தியம் செய்து கொடுத்தார். மூன்றாம் நாள் கல்யாணம். பதினான்கு வருஷம் கழித்து, அதே ஜூன் 28ந் தேதி, கணவன் மனைவி இருவரும் ஒரே காரில் சுடப்பட்டார்கள். நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

வியன்னா அரண்மனை ஊர்வலங்களில் சோபி, அரச குலத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் பின்னால் வர வேண்டும். கொனோபிஷ்டியேயில் அவள்தான் எஜமானி. மூன்று குழந்தைகளும் இந்தப் பூங்காவில் ஓடி விளையாடின. ரோஜாத் தோட்டம் இளவரசரின் உயிர். 1914 ஜூன் மாதம் 12, 13 தேதிகளில் ஜெர்மன் சக்ரவர்த்தி வில்ஹெல்ம், கப்பற்படைத் தலைவர் தீர்ப்பிட்ஸுடன் ரோஜா பார்க்க வந்தார். யுத்தத்துக்குச் சதி செய்ததே இந்தத் தோட்டத்தில்தான் என்று பின்னால் கதை கட்டினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. சோபியை மரியாதையாக நடத்தத் தெரிந்த ஒரு சக்ரவர்த்தி வீட்டுக்கு வந்தார் என்பதே அவர்களுக்குப் பெரிய சமாசாரமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தோட்டத்தின் விளிம்பில் நின்று பார்த்தேன். ரோஜா இல்லை. பாத்திகளின் கோடுகள் மட்டும் பனிக்கடியில், துணி போர்த்திய மேஜை நாற்காலிகளைப் போல் மேடிட்டுக் கிடந்தன. கண்ணுக்கு அழகுதான். அந்த அழகில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. பனி எல்லாவற்றையும் சாதுவாக்கிவிடுகிறது. இந்த வீட்டு நடைகளில் ஆயிரக்கணக்கான மான் கொம்புகளும் பாடம் செய்த தலைகளும் மாட்டியிருக்கின்றன. இளவரசர் கணக்கு எழுதி வைத்தே வேட்டையாடினார். ஆயுளில் கொன்ற பிராணிகள் 2,70,000க்கு மேல். 1893ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தபோதும் துப்பாக்கி சும்மா இருக்கவில்லை. ரோஜாவுக்குக் கவாத்துப் பார்த்து மகிழ்ந்தவரும் அவரேதான். இவ்விரண்டையும் ஒரே படத்தில் அடக்க எந்த லென்ஸும் இல்லை. வெறும் தோட்டத்தை மட்டும் எடுத்து, 'பாவம், நல்ல மனிதர்' என்று அடியில் எழுத என் கை வரவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்கள் யாரையும் சுடவில்லை. 1919ல் செக்கோஸ்லோவாக்கிய அரசாங்கம் அநாதைகளான அந்த மூவரையும் இந்த வீட்டிலிருந்து வெளியேற்றியது. 1938ல் ஹிட்லர் ஆட்சி பிள்ளைகள் இருவரையும் டாக்காவ் சிறைமுகாமில் அடைத்தது. பிற்பாடு சந்ததியார் வீட்டைத் திருப்பிக் கேட்டு வழக்காடித் தோற்றார்கள்.

பெற்றோரும் இங்கே இல்லை. வியன்னாவில் அரச வம்சத்தாருக்குரிய கல்லறையில் சோபிக்கு இடம் கிடைக்காது என்பது இளவரசருக்குத் தெரியும். ஆகவே முன்கூட்டியே ஆஸ்திரியாவில் ஆர்ட்ஸ்டெட்டன் என்ற ஊரில் தங்களுக்கென்று தனிக் கல்லறை கட்டி வைத்திருந்தார். அங்கே இருவரும் சரிசமமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.