"பிள்ளை எந்த நாடு?" – பள்ளிப் பதிவுப் பாரத்தில் ஒரு கேள்வியின் வரலாறு



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு என்றாலே ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு மகிழ்ச்சி. இவ்வாண்டு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்போம். தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் கணக்கிற்கு உரியது. ஆனால், அதே பதிவு மேசையில் ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தவள் நான் என்பதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளான் வட்டாரத்தில் பணியாற்றியபோது நடந்தது இது. ஒரு பாட்டி தம் பேத்தியை அழைத்து வந்திருந்தார். நான் பாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். பெயர், பிறந்த தேதி, இனம், சமயம் எல்லாம் முடிந்தன. 'குடியுரிமை' என்னும் கட்டத்தில் என் பேனா நின்றது. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்னும் பொருளில் மலாயில் எழுதியிருந்தது. "பாட்டி, பிள்ளை எந்த நாடு?" என்று மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வினவிவிட்டேன்.

பாட்டி திகைத்துப் போனார். "என்னா டீச்சர் இப்படிக் கேக்குறீங்க? இவ இங்கதான் பொறந்தா. இவ அப்பனும் இங்கதான் பொறந்தான். நானும் இங்கதான், தோட்டத்துல பொறந்தேன். வேற எந்த நாட்டச் சொல்றது?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாட்டும் கதையும் கற்பிக்கும் முறையைப் படித்திருந்தேன். இந்த ஒரு கட்டத்தின் வரலாற்றை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. அதன் பின்னர் நானே தேடிப் படித்தேன். அவற்றைத்தான் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தோட்டத்துப் பள்ளி கேட்ட கேள்வி

நம் முன்னோர் பால்மரக் காடுகளுக்கு வந்த காலத்தில் பள்ளி கேட்ட கேள்வியே வேறு. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஒரு விதியை வகுத்தது. ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால், அவர்களுக்குத் தோட்ட முதலாளி பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்பதே அது. ஆக, அன்று எண்ணப்பட்டது தலைக்கணக்கு. பிள்ளை எங்கே பிறந்தது என்பது பள்ளியின் கவலையாக இல்லை. பெற்றோர் பிரிட்டிஷ் குடிமக்கள். வேலை முடிந்தால் ஊர் திரும்புவார்கள் என்றே வெள்ளைக்காரர்கள் எண்ணினார்கள்.

ஆனால், நம்மவர் திரும்பவில்லை. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலாயா இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இங்குப் பிறந்தவர். 1938-இல் கூலித் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அதன்பின் 1947-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழப் பாதிப்பேர் இங்குப் பிறந்தவர்களாக இருந்தனர். ஒரே தலைமுறையில் வந்தேறிச் சமூகம் மண்ணின் சமூகமாக மாறத் தொடங்கிவிட்டது! தாள்களில் மட்டும் அந்த மாற்றம் ஏறவில்லை.

தாளில் ஏறிய குடியுரிமை

1946 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு 'மலாயன் யூனியன்' திட்டத்தைக் கொண்டுவந்தது. இங்குப் பிறந்தவர்களுக்குத் தாராளமாகக் குடியுரிமை தருவது அதன் ஒரு கூறு. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. புதிய ஏற்பாட்டில் விதிகள் இறுகின. தாமாகக் குடியுரிமை பெறாதோர் விண்ணப்பிக்க வேண்டும். இங்குப் பிறந்தவராயின் முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், மற்றவராயின் 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகளும் வாழ்ந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ ஓரளவு தெரிந்திருக்கவும் வேண்டும். விடிந்தால் பால்வெட்டு, பொழுது சாய்ந்தால் லயத்து வீடு என்று வாழ்ந்தவர்களுக்கு இவை எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. பலர் அட்டை கையில் கிடைத்ததையே குடியுரிமை கிடைத்ததாக நினைத்துவிட்டனர். அட்டை வேறு, குடியுரிமை வேறு. இந்தக் குழப்பத்தின் விலையைப் பேரப்பிள்ளைகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1957 ஆகஸ்டு 31 மெர்டேக்கா. அன்று முதல் இம்மண்ணில் பிறக்கும் பிள்ளை இந்நாட்டுக் குடிமகன் என்று அரசமைப்புச் சட்டம் கூறியது. ஏற்கனவே இங்குப் பிறந்து வாழ்ந்தோர் பதிந்துகொள்ள, ஓராண்டுக்கு மொழித் தேர்வும் தளர்த்தப்பட்டது. அந்த ஓராண்டில் பதிந்தோர் பிழைத்தனர். பதியாதோர் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றனர்.

அந்தத் திறந்த கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1962-இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு, இங்குப் பிறந்தது மட்டும் போதாது. தாய் தந்தையரில் ஒருவரேனும் குடிமக்களாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாது இங்குப் பிறக்கும் பிள்ளைக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், 'இல்லை' என்பதற்குச் சான்று காட்டுவது எளிதா?

1968-இல் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1969-க்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பியதாக மதிப்பிடுகின்றனர்.

கோயிலில் கட்டிய தாலி

இனி அந்தப் பாட்டியின் பேத்திக்கு வருவோம். அவளின் தந்தை நீல அட்டைக்காரர். தாய் வெளிநாட்டவர். இருவருக்கும் கோயிலில் திருமணம் நடந்தது. தாலி கட்டினார்கள், விருந்து வைத்தார்கள், ஊரே வாழ்த்தியது. பதிவு மட்டும் செய்யவில்லை.

1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, முசுலிம் அல்லாதார் திருமணங்கள் பதியப்பட வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமையைச் சட்டம் தாயின் வழியே பார்க்கும். தாய் குடிமகளாயின் இடரில்லை. தாய் வெளிநாட்டவராயின், தந்தை நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. ஊரறிந்த தந்தை இருந்தும் சட்டம் அவரைக் கணக்கில் கொள்ளாது! தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் போனபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் கதை. தோட்டத்தில் தாள் வேலைகளைப் பார்க்கக் கிராணியார் இருந்தார். நகரத்தில் யார் இருந்தார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1990 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள எண்ணில், பிறந்த தேதிக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த இடத்தைக் குறிக்கும். சிலாங்கூர் எனில் 10, கோலாலம்பூர் எனில் 14. பிரிக்பீல்ட்சில் பிறந்த பிள்ளையின் பிறப்பிடம் அதன் எண்ணிலேயே இருக்கிறது. வாயால் உரக்கக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சட்டம் திறந்த வழிகள்

2003 முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத மலேசியப் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை. கடமை சுமத்தப்பட்டிருப்பது குடிமக்களாகிய பெற்றோர் மீது. அப்படியானால் அந்தப் பேத்தியின் தந்தைக்கும் அக்கடமை உண்டல்லவா? ஆனால், பிள்ளை குடிமகள் அல்லாததால் அனுமதிக்குத் தனி விண்ணப்பமும், ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டணமும் தேவைப்பட்டன. ஒரு கை 'அனுப்பு' என்றது. மறு கை 'நில்' என்றது.

2011 பிப்ரவரியில் இந்தியர்களுக்கென்று 'மை டஃப்தார்' பதிவு இயக்கம் நாடெங்கும் நடந்தது. 2019 கல்வியாண்டு முதல், தாய் தந்தையரில் ஒருவர் மலேசியராயின், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்த்துவிட்டு ஆவணங்களைப் பின்னர்ச் சரிசெய்துகொள்ள வழி தரப்பட்டது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குத் தந்தையருக்கு நிகரான உரிமையை அளித்தது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்குப் பிறக்கும் பிள்ளைகள் தாமாகக் குடியுரிமை பெறும் வழியை நீக்கியது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது இன்றியமையாதது.

பிற நாடுகளில்

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அமெரிக்காவில், ஆவணமில்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2016 இலையுதிர்காலம் முதல், மாணவர்களின் குடியுரிமையையும் பிறந்த நாட்டையும் பெற்றோரிடம் கேட்டுப் பதியுமாறு பள்ளிகளுக்குக் கூறப்பட்டது. பெற்றோர் பலர் விடை தர மறுத்தனர். பள்ளி வாசல் குடிநுழைவு வாசலாகிவிடக் கூடாது என்று ஆசிரியர்களும் குரல் கொடுத்தனர். 2018-இல் அக்கேள்விகள் கைவிடப்பட்டன.

அங்கே, கேள்வி கேட்பதால் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று அஞ்சினர். இங்கே நிலை சற்று வேறு. நம் பள்ளியில் அக்கேள்வியைக் கேட்காமல் விட்டால், பிள்ளையின் ஆவணக் குறை 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஆறு ஆண்டுகள் வீணாகியிருக்கும். ஆகவே, கேட்கத்தான் வேண்டும். யாரிடம் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம், கேட்டபின் என்ன செய்கிறோம் என்பதே நம் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியவை

1. ஆவணக் கேள்விகளைத் தனியறையில், பெரியவரிடம் மட்டும் கேட்போம். பிள்ளையின் காதில் விழ வேண்டியதில்லை.

2. குறை கண்டால் "பத்திரத்தோடு வாருங்கள்" என்று திருப்பியனுப்பாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்போம். திரும்பிப் போகும் பெற்றோர் பலர் மீண்டும் வருவதில்லை.

3. பெற்றோரே, கோயில் திருமணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை பிறக்கும் முன்பே திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பிள்ளையின் பிறப்பையும் காலந்தாழ்த்தாமல் பதிவு செய்யுங்கள்.

4. வயது வரம்புக்குட்பட்ட பிள்ளைக்கு, அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ்க் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாம். நாள் கடத்தாதீர்கள்.

5. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்கலாம்.

நிறைவாக, அந்தப் பேத்தி பள்ளியில் சேர்ந்தாள். ஆண்டுக் கட்டணத்தை ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்து கட்டினோம். நன்றாகப் படித்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 15ஏ விண்ணப்பமும் போட்டோம். ஆறாம் ஆண்டு முடித்து அவள் பள்ளியைவிட்டுச் செல்லும்வரை விடை வரவில்லை. கடைசி நாளன்று, "டீச்சர், எனக்கு ஐசி வந்தா ஒங்ககிட்டதான் மொதல்ல காட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னும் அவள் வரவில்லை. பதிவு மேசையில் அமரும் ஒவ்வோராண்டும் அவளை நினைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அந்தக் கட்டத்திற்கு வரும்போது நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறேன்.

நீங்களும் அவ்வாறே செய்வீர்கள் என நம்புகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை